கரும்பா, கிழங்கா

குக்கரைத் திறந்ததும் வெந்த பீட்ரூட் வாசனை. பெரியப்பா நினைவு வந்து சிரித்துவிட்டேன்.

வெள்ளைக்காரப் பட்டாளத்தில் லாரி ஓட்டி, இத்தாலிச் சண்டைக்குப் போய் வந்தவர் அவர். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டியோடு காத்திருக்கும்போதெல்லாம் அதே கதைதான்.

"போலந்துக்காரங்களும் நம்ம பக்கம்தான் சண்டை போட்டுக்கினு இருந்தாங்க. அதுல ஒருத்தன், அவங்க ஊர்ல பீட்ரூட் மாதிரி கெயங்குலதான் சர்க்கரை காய்ச்சறாங்கன்னு மண்ணுல படம் போட்டுக் காட்டினான். பக்கத்துலயே நான் கரும்பு படம் போட்டேன். அவன் நம்பவே இல்ல."

வண்டிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "கெயங்குல சர்க்கரையா? இன்னாங்க இது?"

"கடைசியில யாரு ஜெயிச்சது பெரியப்பா?" என்பேன்.

"சண்டையில ரெண்டு பேரும்தான். சர்க்கரையில இன்னும் முடியல."

சூடான துண்டு ஒன்றை வாயில் போட்டேன். இனிக்கத்தான் செய்தது. என்ன இருந்தாலும் நான் பெரியப்பா கட்சி.