பெல்ட் என்னுடையது

அந்த ரோபோட் பெட்டி கடைக்குத் திரும்பி வந்தபோது நான் ஈப்போ பட்டணத்தில், ரேடியோவும் டிவியும் பழுது பார்க்கும் ஒரு கடையில் சாமான் தூக்கிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் தொடக்கம். அதற்கு முன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவினேன், லாரியில் கிளீனராகப் போனேன், ஈயம் தோண்டும் லம்பத்தில் தண்ணீர்க் குழாய் பிடித்தேன். எதிலும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. சிலிபின் பக்கம் ஓர் அறையில் மூன்று பேரோடு படுத்து எழுந்தேன்.

கடையில் இரண்டு மேசைகள். ஒன்றில் டெக்னிஷியன் உட்கார்ந்திருப்பான். என்னைவிட இளையவன், தன் சான்றிதழுக்குக் கண்ணாடி போட்டுத் தலைக்கு மேல் மாட்டியிருந்தான். இன்னொரு மேசைக்காரர் சிங்கப்பூருக்குப் போன பிறகு அதன் மேல் சாப்பாட்டுப் பொட்டலங்கள்தான் இருந்தன. அந்த மேசை எனக்கு வேண்டும். உட்கார்ந்து செய்யும் வேலை எதுவும் எனக்கு அதுவரை வாய்த்ததே இல்லை.

பெட்டியை ஒரு வாத்தியார் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். ஜப்பான் சாமான். நாமே கட்டிக்கொள்ள வேண்டிய ரோபோட். மஞ்சள் பிளாஸ்டிக்கில், ஆமை மாதிரி. இரண்டு சக்கரம், சக்கரத்துக்கொரு மோட்டார், முன்னால் மீசை போல ஒரு கம்பி. மீசை சுவரில் பட்டால் ஒரு பக்கச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றும், ஆமை திரும்பிக்கொள்ளும். பெட்டியின் மேல் படம் அப்படித்தான் சொன்னது.

"இது திரும்பல. சுவத்துல முட்டிக்கிட்டே நிக்குது. பேட்டரி வேற சுடுதாம்," என்றார் முதலாளி.

டெக்னிஷியன் மூடியைக் கழற்றினான். மோட்டாரிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ரப்பர் பெல்ட்டுகள் இரண்டும், அவன் விரல் பட்டதும் வெல்லப்பாகாக இழுத்துக்கொண்டு அறுந்தன. "வாத்தியார் பேப்பர்ல உள்ள மாதிரிதான் வயர் கட்டியிருக்காரு. அப்ப மோட்டார் ரோசாக், கெட்டுப்போச்சு. பெல்ட்டும் போச்சு. தூக்கிப் போடுங்க முதலாளி."

"நான் பாக்கவா?" என்றேன்.

"மச்சான், இது ஃபிரிட்ஜ் இல்லலா, தோள்ல தூக்கி வைக்க."

நான் முதலாளியைப் பார்த்துக் கேட்டேன். "அடுத்த சனிக்கிழமை மத்தியானத்துக்குள்ள இத ஓட வச்சா அந்த மேச எனக்கா?"

அவர் சிரித்தார். "ஓட வைலா, பாக்கலாம். மேச ஒனக்குத்தான்."

பெட்டிக்குள் ஒரே ஒரு தாள். ஒரு பக்கம் ஜப்பான் எழுத்து, மறுபக்கம் இங்கிலீஷ். என் இங்கிலீஷ் கடைப் பலகை படிக்கும் அளவுக்குத்தான். படங்களை வைத்து எல்லாவற்றையும் பிரித்து, தாளில் இருந்த வரிசையில் பரப்பினேன். நெட்டைத் திருகாணி நான்கு, குட்டை ஆறு. வாத்தியார் ஒரு நெட்டையைக் குட்டையின் ஓட்டையில் இறக்கியிருந்தார். அதன் நுனி பல்சக்கரத்தை உரசியது. மாற்றிப் போட்டேன். முதல் கோளாறு தீர்ந்தது.

பெல்ட்டுக்கு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்து ரப்பர் வளையம் போட்டுப் பார்த்தேன். பத்துச் சுற்றில் அறுந்தது. ஜப்பானுக்கு எழுதிப் போட்டால் மூன்று மாதம் ஆகும் என்றார்கள். எங்கள் மரத்துப் பால் கப்பலேறிப் போய் பெல்ட்டாகி வர மூன்று மாதம். எனக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சுங்கை சிப்புட்டுக்கு பஸ் ஏறினேன். அக்கா அங்கே ஒரு தோட்டத்தில் இன்னும் மரம் சீவிக்கொண்டிருந்தாள்.

"பட்டணத்துல வேலன்னு போன. பொம்மைக்கா பால் கேக்குற?" என்றாள்.

"பொம்ம இல்லக்கா. மேச."

அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் ஒரு டின் பால் கொடுத்தாள். கண்ணாடிப் புட்டியைப் பாலில் முக்கி, வெயிலில் காய வைத்து, மறுபடி முக்கி, ஏழு தடவை செய்தோம். காய்ந்த ரப்பரை உரித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று அக்கா முகப் பவுடரைத் தூவித் தூவி உரித்தாள். தோட்டத்தில் மெல்லிய ரப்பரை அப்படித்தான் உரிப்போம். பிளேடால் வளையங்களாக அறுத்து, கைக்குட்டையில் கட்டி எடுத்து வந்தேன்.

திங்கட்கிழமை மாட்டினேன். மோட்டார் சுற்றியது. பெல்ட் வழுக்கியது. சக்கரம் அசையவில்லை. கடை முழுக்கப் பவுடரின் மல்லிகை வாசம்.

டெக்னிஷியன் மூக்கை உறிஞ்சினான். "என்ன மச்சான், ரோபோட்ட பொண்ணு பாக்க வராங்களா?"

தப்பு என்னுடையதுதான். பிறந்ததிலிருந்து ரப்பரோடு கிடந்தவன், பெல்ட்டுக்குப் பிடிப்புதான் உயிர் என்பதை யோசிக்கவில்லை. சோப்புப் போட்டுக் கழுவி, பக்கத்துக் கோப்பிக்கடையில் கேட்டு, கரி அடுப்புக்கு மேலே ஆணியில் இரண்டு நாள் புகையில் தொங்க விட்டேன். புதன்கிழமை பெல்ட் பழுப்பாக, இறுக்கமாக வந்தது. ஆமை விறுவிறுவென்று ஓடிப் போய்ச் சுவரில் முட்டி, அங்கேயே நின்றது. பேட்டரி சுட்டது.

"நான்தான் சொன்னேன்லா," என்றான் டெக்னிஷியன். "மோட்டார் ரோசாக்."

ரோசாக் ஆன மோட்டார் எப்படிச் சுவர் வரைக்கும் ஓடும்? மீசைக்குப் பின்னால் ஒரு சிறிய சுவிட்ச் இருந்தது, மூன்று காலோடு. டார்ச் பல்ப் ஒன்று, பேட்டரி ஒன்று, இரண்டு வயர். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கால்களை இரண்டிரண்டாகத் தொட்டுப் பார்த்தேன். அழுத்தாமல் இருந்தால் இரண்டு ஓரக் கால்களுக்கும் இணைப்பு. அழுத்தினால் இடது ஓரக் காலுக்கும் நடுக்காலுக்கும் இணைப்பு. எப்படி இருந்தாலும் இடது கால் உண்டு. அப்படியென்றால் மோட்டார் வயர் இடது காலுக்குத்தான் போக வேண்டும், மற்ற இரண்டு கால்களுக்கும் பேட்டரியின் இரண்டு முனைகள். தாளில் அது வலது காலுக்குப் போனது. வரைந்தவன் சுவிட்சைக் கவிழ்த்து வைத்து வரைந்திருக்கிறான். அதைப் பார்த்துக் கட்டினால், மீசை பட்டதும் பேட்டரியின் இரண்டு முனையும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். சுடாமல் என்ன செய்யும்?

மூன்று முறை சோதித்தேன். அதன் பிறகும் கை தயங்கியது. தாளும் நானும் முரண்பட்டால் தப்பு என்னுடையது என்றே பழகியிருந்தேன். நான் பிறந்ததைப் பதிந்தபோது தோட்டத்து ஆபீஸ் கிராணி இரண்டு வயது கூட்டி எழுதிவிட்டார். எழுத்தில் இருப்பதுதான் வயது என்று அப்பா தலையாட்டினார். அதனால் இரண்டு வருடம் முன்னதாகவே பால் வாளி தூக்கினேன்.

பென்சிலை எடுத்துத் தாளில் வலது காலை அடித்தேன். இடது காலுக்குக் கோடு இழுத்தேன்.

"யேய், அச்சடிச்சதுல கிறுக்காத!" என்றான் டெக்னிஷியன். "ஜப்பான்காரனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரியும்?"

"பல்புகிட்ட கேட்டுப் பாரு. அதுக்கு இங்கிலீஷும் தெரியாது, ஜப்பானும் தெரியாது."

அவன் கேட்கவில்லை. நான் இரண்டு ஓர வயர்களையும் இடம் மாற்றினேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கடை நடுவில் ஆமையை விட்டேன். நேராகப் போய்ச் சுவரில் முட்டியது. ஒரு சக்கரம் பின்னால் சுற்றியது. திரும்பியது, மறுபடி முட்டியது, மறுபடி திரும்பியது. அலமாரிக்கடியில் புகுந்து, டெக்னிஷியனின் செருப்பில் முட்டி, அங்கிருந்தும் திரும்பியது. அவன் காலைத் தூக்கிக்கொண்டான். முதலாளி கைதட்டினார்.

"நல்லா இருக்கு. கண்ணாடி அலமாரில வை. வர்றவங்க பாக்கட்டும்."

காலி மேசையிலிருந்த பொட்டலங்களை நான் ஒதுக்க ஆரம்பித்தேன்.

"அதுக்குள்ள எங்கலா?" என்றார் முதலாளி. "மேசைல ஒக்காரணும்னா சர்ட்டிபிகேட் வேணும். வர்றவன் சுவத்தப் பாத்துத்தான் டிவிய குடுப்பான். பிறகு பாக்கலாம். மொதல்ல வேன்ல இருக்கிற ஃபிரிட்ஜ எறக்கு."

டெக்னிஷியன் என்னைப் பார்க்கவில்லை. திருகாணிகளைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

நான் ஆமையை எடுத்துக் கவிழ்த்தேன். மூடியைக் கழற்றி, பெல்ட் இரண்டையும் உருவிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"என்ன செய்ற?"

"பெட்டி ஒங்களுது முதலாளி. மோட்டாரு ஒங்களுது, மேச ஒங்களுது. பெல்ட்டு என்னோடது."

"அது இல்லாம எப்படி ஓடும்?"

"சர்ட்டிபிகேட்ட மாட்டிப் பாருங்க."

தாளில் என் பென்சில் கோட்டை அழிக்கவில்லை. அது சரியான கோடு; அங்கேயே கிடக்கட்டும். ஃபிரிட்ஜ் வேனிலேயே இருந்தது. பெல்ட்டில் இன்னும் கரிப்புகை வாசம் போகவில்லை. அந்த வாசத்தோடு பஸ் நிலையம் வரைக்கும் நடந்து, முதலில் கிளம்பிய பஸ்ஸில் ஏறினேன்.