ஹெர்மன் டோஸ்ட் வகுப்புக்கு வரவில்லை

என் மருமகளின் பெயர் விசில். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு. அந்த வேறு பெயரால்தான் வம்பே வந்தது.

எங்கள் ஆட்களில் யாரும் வைத்த பெயரோடு வாழ்ந்து முடிப்பதில்லை. அசோர்ஸ் தீவுகளிலிருந்து கலிபோர்னியாவுக்கு மாடு கறக்கக் கப்பலேறியவர்கள் பெட்டியை மறந்தாலும் பட்டப்பெயர்களை மறக்காமல் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கள் ஊரான டுலாரியில் தடுக்கி விழுந்தால் ஒரு மனுவேல் மேல்தான் விழ வேண்டும். பட்டப்பெயர் இல்லாவிட்டால் எந்த மனுவேலின் கடன் எந்த மனுவேலின் தலையில் என்று எப்படித் தெரியும்? என் மகன் நத்தை. அவனிடம் ஒரு கேள்வி கேட்டால், கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் பதிலுக்குத் திரும்பி வரலாம். மருமகள் விசில். இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடக்கி அவள் ஒரு விசில் அடித்தால், கொட்டடியின் கடைசி மூலையில் அசைபோட்டுக்கொண்டு படுத்திருக்கும் பசுகூட எழுந்து கறவைக் கூடத்தின் வாசலில் வந்து நிற்கும்.

மாட்டுக்கு முன்னால் அப்படி. மனிதருக்கு முன்னால் அவள் ஊமை. வீட்டில், அடுப்படியில், என்னோடு சண்டை போடும்போது பேச்சுக்குக் குறைவே இல்லை. நாலு புதுமுகம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பார்த்தால் முகம் பீட்ரூட் ஆகிவிடும். கல்யாணத்துக்கு முன் ஊர் கம்யூனிட்டி காலேஜில் மாட்டு டாக்டருக்கு உதவியாளாகும் படிப்பைப் படித்தாள். ஊசி போடுவது, கன்று இழுப்பது எல்லாவற்றிலும் தேறினாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு வகுப்பு: மேடைப்பேச்சு. மாட்டுக்கு ஊசி போட மேடைப்பேச்சு எதற்கு என்று நான் அன்றும் கேட்டேன், இன்றும் கேட்கிறேன். முதல் பேச்சு நாளில் எழுந்து நின்றாள், கதவைப் பார்த்தாள், வீட்டுக்கு வந்துவிட்டாள். இருபது வருடம் திரும்பிப் போகவில்லை.

அந்த வருடமே என் மகன் அவளைப் பெண் கேட்டான். கேட்டு முடிக்க அவனுக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. அவள் "சரி" என்றாள். பேச்சு குறைவான கல்யாணம், நன்றாகவே நடக்கிறது.

போன இலையுதிர்காலத்தில் மாட்டு டாக்டர் பெட்டன்கூர் எங்கள் பண்ணைக்கு வந்தார். அவருடைய பழைய உதவியாளர் மகனோடு ஐடஹோவுக்குப் போகப் போகிறாராம். கோடைக்குள் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்தால் வேலை விசிலுக்கு; வராவிட்டால் தன் மனைவியின் தங்கை மகனை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். அந்தப் பையனுக்குப் பசுவைக் கண்டாலே தும்மல் வரும். சொல்லும்போதே டாக்டரின் முகம் வாடியது. விசில் அன்றிரவு ரொட்டிக்கு உப்புப் போட மறந்தாள். மறுநாள் போய்ப் பெயரைப் பதிந்துவிட்டு வந்தாள். பழைய பாடமெல்லாம் செல்லும், அந்த ஒரு வகுப்பு முடித்தால் போதும் என்றார்களாம். அது கோடைக்கு முன் ஒரே ஒரு முறைதான் நடக்கும்.

ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அதைத் தேடுகிற மிஸஸ் பிராட்டன்தான் வாத்தியார். ஒவ்வொரு பெயராக அவள் கூப்பிட, பிள்ளைகள் "வந்திருக்கேன்" என்று சொன்னார்கள். நடுவில் ஒரு பெயர்.

"ஹெர்மன் கார்டா டோஸ்ட்?"

யாரும் குரல் கொடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விசிலும் திரும்பிப் பார்த்தாள், அவளுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. பட்டியல் முடிந்தது, அவளைக் கூப்பிடவே இல்லை. அவள் படித்த காலத்தில் வாத்தியாராக இருந்த ஆவிலா எங்கள் ஆள், எல்லோரையும் பட்டப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். ஆகவே பழைய மாணவர்களுக்கு வேறு பட்டியல் இருக்கும் என்று தானே முடிவுசெய்துகொண்டாள். பெயர் வராதவர்கள் கடைசியில் வரிசையில் நிற்கலாம் என்றாள் மிஸஸ் பிராட்டன். இடம் கிடைக்காமல் காத்திருந்த பிள்ளைகள் நின்றார்கள். விசிலுக்குச் சாயங்காலக் கறவை இருந்தது. மாடு வரிசைக்காகக் காத்திருக்காது. கிளம்பிவிட்டாள்.

சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு ஒரே ஹெர்மன் பேச்சுதான்.

"பாவம், ஹெர்மன்னு ஒரு ஆளு," என்றாள் விசில். "முதல் நாளே வரலை. வரலைன்னா இடத்தை வேற ஆளுக்குக் கொடுத்துருவாங்களாம்."

நத்தை சூப்பை முடித்து, தட்டை ரொட்டியால் துடைத்து, பிறகு சொன்னான்: "குடிகாரனா இருப்பான்."

அப்படி இல்லை, வண்டி ரிப்பேராகியிருக்கும் என்றாள் அவள். நான் அவனுக்கு விட்டுப் போன ஒரு மனைவியைக் கொடுத்தேன். வாரக் கடைசிக்குள் ஹெர்மன் டோஸ்டுக்கு மூட்டுவலி, வாடகைப் பாக்கி, கோபக்கார மாமியார் எல்லாம் சேர்ந்துவிட்டன. ஒரு நாள் ஜெபமாலையில் அவனையும் சேர்த்துக்கொண்டேன்.

இதற்கிடையில் ஒரு மத்தியானம் தொலைபேசி அடித்திருக்கிறது. வீட்டில் நத்தை மட்டும். மிஸஸ் பிராட்டன் நல்லவள். இடத்தை வேறு ஆளுக்குக் கொடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டிருக்கிறாள். ஹெர்மன் இருக்கிறாரா என்று கேட்டாள். அப்படி யாரும் இங்கே இல்லை என்றான். அவள் பொறுமையாக எழுத்தெழுத்தாகச் சொன்னாள். அவன் ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் கூட்டிப் பார்த்தான். கடைசியில் விளங்கியது.

"ஓ, எர்மென்கார்தாவா? அவங்க போய்ச் சேர்ந்துட்டாங்களே அம்மா. கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னாடி."

என் மகன் பொய் சொல்லவில்லை, அதை யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது. எங்கள் ஊரில் எர்மென்கார்தா என்றால் ஒரே ஆள்தான்: விசிலை ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தாய். பட்டப்பெயர் இல்லாமல் வாழ்ந்த ஒரே மனுஷி அவள். வைக்க வந்தவர்களைத் துடைப்பத்தால் அடித்தாள். டிசம்பரில்தான் அடக்கம் செய்தோம். வயது எண்பத்தொன்பது. அதையும் நத்தை சொல்லியிருக்கிறான். எண்பத்தொன்பது வயதில் படிக்கப் பெயர் கொடுத்தாரா என்று மிஸஸ் பிராட்டன் கேட்டாளாம். ஆசைப்பட்டுவிட்டால் எதையும் விடமாட்டாள் என்றான் நத்தை. இரண்டு பேரும் அழுதிருக்கிறார்கள்.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை, சொல்லத் தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் கூடும் பரிசுத்த ஆவி மன்றத்தில், கூரை மாற்றப் பணம் சேர்க்க ஒரு விருந்து. மாட்டிறைச்சி வேகிறது, ரொட்டி மேல் ஊற்றும் சூப்புக்குப் புதினா கிள்ளிக்கொண்டிருக்கிறோம். விசில் ஹெர்மனைப் பற்றிப் பெண்களிடம் சொன்னாள். என் நாத்தனார் மகள் ஜுல்மீரா வங்கியில் பணம் எண்ணுகிறவள்; வெள்ளைக்காரர் வாயில் எங்கள் பெயர்கள் படும் பாடு அவளுக்குப் பழக்கம். புதினாவைக் கீழே போட்டாள்.

"அடியே, அந்த முழுப் பேரையும் இன்னொரு தடவை சொல்லு."

"ஹெர்மன் கார்டா டோஸ்ட்."

"உன் பேரு என்ன?"

"விசில்."

"கழுதை. லைசென்ஸ்ல என்ன பேரு?"

விசில் யோசித்தாள். லைசென்ஸில் இருப்பது ஞானத்தாயின் பெயர், எர்மென்கார்தா. பின்னால் எங்கள் குடும்பப் பெயர் தோஸ்த. அந்த எர்மென்கார்தாவுக்கு முன்னால் ஹெச் என்று ஓர் எழுத்து நிற்குமாம். எங்கள் மொழியில் அது மாப்பிள்ளைத் தோழன் மாதிரி; நிற்கும், வாயைத் திறக்காது. அமெரிக்கர்கள் அதைத்தான் முதலில் பிடித்து இழுக்கிறார்கள். இப்படியாக ஒரு பெண் ஹெர்மன் ஆகி, தோஸ்த வாட்டின ரொட்டி ஆகிவிட்டது.

மன்றமே சிரித்தது. எனக்கு ஜெபமாலை வீணானதில் வருத்தம். இறைச்சிப் பாத்திரத்தின் பக்கம் நத்தையின் கத்தி மட்டும் நின்றுவிட்டது.

"அப்போ அன்னைக்கு போன்ல..." என்றான்.

"போன்ல என்ன?" என்றாள் விசில்.

"நீ செத்துட்டேன்னு சொல்லிட்டேன்."

செவ்வாய்க்கிழமை இரண்டாம் வகுப்பு. இடம் போயிருக்கும், வேலையும் போயிற்று, ஒருவிதத்தில் நல்லதுதான் என்றாள் விசில். அத்தனை பேருக்கு முன் நின்று பேசுவதைவிடச் செத்தவளாகவே இருந்துவிடலாமாம். உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்து பிறகு சாவு என்றேன். சாட்சிக்கு நத்தை. வண்டி ஓட்ட ஜுல்மீரா. நானும் போனேன், யாரும் கூப்பிடவில்லை.

உள்ளே போனால் அறை நிரம்பியிருந்தது. காத்திருப்போர் சுவரோரம் நின்றார்கள். கதவுப் பக்கத்து நாற்காலி மட்டும் காலி. அதன் மேல் கண்ணாடி டம்ளரில் ஒரு வெள்ளைப் பூ. விசில் மரியாதையாக ஒதுங்கி நின்று, யார் இறந்தது என்று பக்கத்துப் பெண்ணிடம் கிசுகிசுத்தாள்.

"ஹெர்மன் கார்டா டோஸ்ட்," என்றாள் அந்தப் பெண். "எண்பத்தொன்பது வயசாம். படிக்க ஆசைப்பட்டு, அதுக்குள்ள..."

மிஸஸ் பிராட்டன் நத்தையின் குரலை அடையாளம் கண்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நீங்கள் அவருடைய மகனா என்று கேட்டாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நத்தை அப்படிப்பட்டவன் இல்லை, முதலிலிருந்து தொடங்கினான். ஞானத்தாய்க்கு இருமல் வந்த நாள், டாக்டர் கொடுத்த மருந்து, அதை அவள் பூனைக்கு ஊற்றியது. பிள்ளைகளெல்லாம் தலை குனிந்து கேட்டார்கள். விசில் வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. முகம் பீட்ரூட் ஆனது. இருபது வருடத்துக்கு முன் பார்த்தது போலவே கதவைப் பார்த்தாள். கதவில் நான் நின்றேன். வேண்டுமென்று இல்லை, என் உடம்பு அந்த அளவு.

"ரொம்ப அமைதியாப் போனாங்க," என்று நத்தை பாதிரியார் வந்த கட்டத்துக்கு வந்திருந்தான். "முகத்துல ஒரு சிரிப்பு..."

விசிலின் விரல் இரண்டும் நாக்கடிக்குப் போயின. அந்த அறையில் மாடு இருந்திருந்தால் வரிசையில் வந்து நின்றிருக்கும். சுவரோரம் நின்ற பிள்ளைகளே நேராக நின்றார்கள். நத்தை வாயை மூடிக்கொண்டான்.

"ஏய் நத்தை, யாருய்யா அமைதியாப் போனது?" என்றாள் விசில். "நான் போகலை. இதோ நிக்கிறேன். எர்மென்கார்தா நான்தான். இந்த ஆளுக்குப் பொண்டாட்டி பேரே ஞாபகம் இல்லை. சொல்லப்போனா எனக்கே ஞாபகம் இல்லை. போன வாரம் இதே நாற்காலியில உட்கார்ந்து ஹெர்மன் எங்கேன்னு நானும் திரும்பிப் பார்த்தேன். ஒரு வாரமா அவனுக்காக வீட்டுல பரிதாபப்பட்டோம். மாமியாரு ஜெபம் பண்ணாங்க. அவனுக்கு மூட்டுவலின்னு வேற முடிவு பண்ணோம்..."

நிற்கவில்லை. இருபது வருடத்துப் பேச்சு. பட்டப்பெயர், துடைப்பம், மாட்டைக் கண்டு தும்முகிற பையன், முன்பு இதே வகுப்பிலிருந்து ஓடியது என்று பாதி ஆங்கிலம், பாதி எங்கள் பாஷையில் கொட்டினாள். பிள்ளைகள் மேசையில் தலை வைத்துச் சிரித்தார்கள். அவள் நத்தையைத்தான் பார்த்துத் திட்டினாள். அறை முழுக்க ஆட்கள் இருப்பது மறந்துபோயிற்று. நினைவு வந்ததும் நடுவாக்கியத்தில் நின்றாள்.

மிஸஸ் பிராட்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடி, தலையில் கண்டுபிடித்தாள்.

"மூணு நிமிஷம் உங்களைப் பத்திச் சொல்லணும், அதுதான் இன்னைக்குப் பாடம்," என்றாள். "நீங்க முடிச்சிட்டீங்க. கொஞ்சம் கூடவே. உட்காருங்க."

"இடம்?" என்றாள் விசில்.

"இறந்தவங்க நாற்காலியை உடனே தூக்கி இன்னொருத்தருக்குக் கொடுக்க மனசு வரலை. ஒரு வாரம் போகட்டும்னு வச்சிருந்தேன்."

கவனமாகக் கேளுங்கள். தப்பான நம்பர் என்று என் மகன் போனை வைத்திருந்தால் அந்த இடம் அன்றே போயிருக்கும். அவன்தான் அதைக் காப்பாற்றினான். மருமகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. இருக்கட்டும், நான் சொல்வதுதான் சரி. பூவை வீட்டுக்குப் போகிற வழியில் ஞானத்தாயின் கல்லறையில் வைத்தோம். அவளுக்கு வந்ததுதானே.

விசில் உயிரோடு இருப்பதைக் காலேஜ் அலுவலகத்தை ஒப்புக்கொள்ள வைக்க இன்னும் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. வகுப்பில் மிஸஸ் பிராட்டன் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டாள். அப்போதும் விசில் திரும்பவில்லை. கடைசியில் அவளும் விசில் என்றே கூப்பிட்டாள்.

மே மாதம் பட்டமளிப்பு. மன்றமே வந்து ஒரு வரிசை முழுக்க உட்கார்ந்தது. விசில் என்று கூப்பிட்டதும் கூரை பறக்கக் கைதட்ட வேண்டும் என்று ஏற்பாடு. டாக்டர் பெட்டன்கூர் எங்களுக்கு முன்னால், தும்முகிற பையனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவனைவிட நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். மேடையில் கோட்டுப் போட்ட ஓர் ஆள் பெயர்களை வாசித்தார். பிராட்டனிடம் அவர் பாடம் கேட்கவில்லை போலிருக்கிறது.

"ஹெர்மன் கார்டா டோஸ்ட்."

எங்கள் வரிசையில் ஒரு கையும் அசையவில்லை. எல்லோரும் விசிலுக்காகக் காத்திருந்தோம். மேடையில் நீள அங்கி போட்ட யாரோ ஏறிக் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். நத்தை மட்டும் தாராளமாகக் கைதட்டினான்.

"பரவாயில்லை," என்றான் என்னிடம் குனிந்து, "அந்த ஹெர்மனும் எப்படியோ பாஸாயிட்டான்."

அப்போதுதான் மேடையிலிருந்து விசில் சத்தம் வந்தது.