வடிகட்டாமல் கொடுத்த தண்ணீர்

பாகூர் ஏரி நிரம்பிக் கிடக்கும் மழைக்காலத்தில் அதன் தண்ணீரைச் சொம்பில் மொண்டு வெயிலில் பிடித்தால் செம்மண் கலங்கல்தான் தெரியும். மார்கழியில் மண் அடங்கித் தெளியும். மாசிக்கு மேல் தண்ணீர் குறையக் குறையப் பச்சை ஏறும். சித்திரையில் ஏரி முட்டியளவு குட்டையாகச் சுருங்கி, மாட்டுச் சாணமும் தழையும் ஊறிச் சூடேறும்போதுதான் தண்ணீர்ப் பூச்சிகள் பெருகும். கசகசாவை விடச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். விட்டுவிட்டுத் துள்ளும். அலை அடிக்கும் இடத்தில் அவ்வளவாக இருக்காது. கோரை மண்டிய, காற்றுப் படாத ஓரத்தில் மொண்டால் சொம்பு நிறைய இருக்கும். மனுஷர் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரையே பார்த்து நின்றவள் நான். அதனால் இதெல்லாம் தெரியும்.

வில்லியனூர்ப் பக்கம் என் பிறந்த வீட்டில், கோடை வந்தால் அம்மா பழைய வேட்டியை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டுவாள். "தண்ணில உசுரு ஓடுது, வடிகட்டாம குடிக்காதே" என்பாள். உயிரைக் கொல்லக் கூடாதென்று துணியை மறுபடி குளத்திலேயே உதறி அலசுவாள். ஏன் வடிகட்ட வேண்டும் என்று அவளுக்கும் தெரியாது.

பதினைந்து வயதில் பாகூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டேன். முதல் கோடையில் குடத்தில் துணியைக் கட்டினேன். ஏரிக்கரையில் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"வெள்ளக்காரி வந்துட்டாடி, வழி வுடுங்க."

"எங்க ஏரித் தண்ணி இன்னா சாக்கடையாம்மா?"

காது மடல் எரிந்தது. அன்றே துணியை அவிழ்த்துவிட்டேன். அடுத்தடுத்த வருஷங்களில் நல்ல மழை. வீட்டுக் கிணற்றிலேயே தண்ணீர் இருந்ததால் ஏரித் தண்ணீர் குடிக்க நேரவில்லை.

ஒரு வருஷம் ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்தன. பங்குனியிலேயே கிணறு வற்றியது. ஏரியில் மிஞ்சிய குட்டையில்தான் ஊரே குடித்தது, மாடும் குடித்தது, காலில் புழு தலைநீட்டும் சிலந்திப்புண் வந்தவர்களும் எரிச்சல் தாங்காமல் அதில்தான் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சொம்பில் பார்த்தேன். அவ்வளவு நெருக்கமாக அந்தப் பூச்சிகளை அதுவரை பார்த்ததில்லை. என் மூத்த பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. அடுப்படி மூலையில் மறைவாக நின்று, அவளுக்கு மட்டும் முந்தானையில் வடிகட்டிக் கொடுத்து வந்தேன்.

நாலைந்து நாள் போயிருக்கும். மாமியார் பார்த்துவிட்டார்.

"இன்னாடி பண்றே?"

"ஒண்ணுமில்ல அத்தே."

"பொண்ணுக்கு மட்டும் தனியா வடிகட்டுறியா? அப்ப உன் புருசனும் நானும் குடிக்கிறது மாட்டுத் தண்ணியா?" என்றவர், வாசல் பக்கம் திரும்பிப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். "இங்க வந்து பாரும்மா, எங்க வூட்டு மகாராணிய."

அவள் வருமுன் நான் முந்தானையைப் பிழிந்து உதறிவிட்டேன். குழந்தை கையை நீட்டிக்கொண்டிருந்தது. சொம்பை அப்படியே கொடுத்தேன். அதற்குப் பிறகு வடிகட்டவே இல்லை.

மறு கோடையில் அவள் கணுக்காலில் கொப்புளம் எழும்பியது. உடைந்ததும் வெள்ளை நூல் போல ஒன்று தலை நீட்டியது. நரம்புச் சிலந்தி. நெருப்பு வைத்தது போல எரிகிறதென்று அலறினாள். எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். அவள் காலை ஏரித் தண்ணீரில் விட்டு, அவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், நான்கு நாள். தண்ணீரில் இருக்கும் மட்டும் அழ மாட்டாள். புழுவை ஈர்க்கில் சுற்றி, நாளுக்கு ஒரு விரற்கடை இழுத்தோம். அறுக்கக் கூடாது என்பார்கள். ஒரு நாள் தூக்கத்தில் சொறிந்துகொண்டாள். அறுந்துவிட்டது.

கால் தொடை வரை வீங்கியது. வண்டி கட்டி வெள்ளைக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வைத்தியர் தமிழர்தான்.

"எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

"ஏரித் தண்ணி சாமி. கெணறு வத்திப்போச்சி" என்றார் மாமியார்.

"வடிகட்டுனீங்களா?"

மாமியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"துணிய நாலா மடிச்சி வடிகட்டியிருந்தா இது வந்திருக்காது. சிலந்தி வந்த கால ஏரியில வுட்டா, புழு குஞ்சு வுடும். தண்ணில துள்ளுது பாரு பூச்சி, அது குஞ்சத் தின்னும். நீங்க பூச்சிய முழுங்குவீங்க. மறுவருசம் கால்ல வரும்."

நான்கு நாள் ஏரியில் உட்கார்ந்திருந்தது அப்போது நினைவுக்கு வந்தது. அடுத்த கோடையில் எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் சிலந்தி கண்டது.

என் பெண் உயிர் பிழைத்தாள். முட்டி மடங்கியது மடங்கியதுதான், நீட்ட வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே மாமியார் குடத்துக்குத் துணி கட்டினார். "நாலா மடிச்சி வடிகட்டுங்கடி, எத்தினி வாட்டி சொல்றது" என்று ஏரிக்கரையில் எல்லாருக்கும் சொன்னார். அவர் மேல் கோபப்பட எனக்கு வாயில்லை. அவர் திட்டினார், அவ்வளவுதான். எதைக் கொடுக்கிறேன் என்று பார்த்துவிட்டுக் கொடுத்தவள் நான்.

அவளைக் கட்டிக்கொள்ள யாரும் வரவில்லை. கடைசி வரை என்னோடுதான் இருந்தாள். தலை நரைத்த பிறகு ஒரு நாள், முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நம்ம வூட்டுல எல்லாரும் அதே தண்ணிதானேம்மா குடிச்சீங்க. எனக்கு மட்டும் ஏன் வந்துது?"

"தலையெழுத்துடி" என்றேன்.

"அப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கல் பொறுக்கத் தொடங்கினாள்.