அமத்திவிட்டு வந்த விசைகள்

எட்டு வருடமாக நான் ஒரு சர்க்யூட்டையும் தொட்டதில்லை. படித்தது மின்பொறியியல். செய்வது, என் வீட்டுக்காரரின் லாரி வயரிங் கடைக்கு வரும் போன்களை எடுப்பது. "ஹெட்லைட் எரியலைங்க" என்பார்கள். "மத்தியானம் கொண்டாங்க" என்பேன். இந்த லட்சணத்தில் டவுனில், ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு சோலார் கம்பெனி என்னை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். படித்ததெல்லாம் இன்னும் மண்டையில் இருக்கிறதா என்று எனக்கே பயம். சோதித்துப் பார்க்க லேப்டாப்பில் ஒரு விளையாட்டை இறக்கினேன்.

மண்ணுக்குள் புதைந்த ஒரு பழைய மின்நிலையம். அறை அறையாகப் போக வேண்டும். அறுந்த வயர்களைச் சரியாக இணைத்து விசையைப் போட்டால் அடுத்த கதவு திறக்கும். விளக்கம் ஒரு வரி கிடையாது. தப்பாக இணைத்தால் புகை வரும், அவ்வளவுதான். அது எனக்குப் பிடித்திருந்தது. யாரும் பாடம் நடத்தாமல் நானே கண்டுபிடித்தபோது கை பரபரத்தது. ஆனால் வரைபடம் இல்லை. எதையாவது விட்டுவிட்டோமோ என்று திரும்பிப் போனால், கடந்து வந்த கதவெல்லாம் மூடிக் கிடக்கும். இதைச் செய்தவன் கையில் கிடைத்தால் தெரியும் சேதி என்று பல்லைக் கடித்தேன்.

மூன்று அறை தாண்டி ஒரு பெரிய கதவு. அதற்கு மூன்று அறைகளிலிருந்தும் கரண்ட் வர வேண்டும். ஒன்றுகூட வரவில்லை. முதல் அறையிலிருந்து மறுபடி மறுபடி ஆரம்பித்து, வயரை மாற்றி மாற்றிப் போட்டேன். உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. நடுவில் கடை போன் வேறு.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்த வீட்டுக்காரர், தட்டோடு வந்து பின்னால் நின்றார்.

"ஏனம்மிணி, கதவு தொறந்துருச்சல்ல. போறப்ப எதுக்கு விசைய அமத்தற?"

"நம்ம முறை முடிஞ்சுதுல்லங்க" என்றேன், யோசிக்காமல்.

அவர் சோறு புரையேறச் சிரித்தார். நான் பிறந்த எருமப்பட்டியில் எங்களுக்குக் கூட்டுக் கிணறு. ஆளுக்கொரு நாள் முறை. முறை முடிந்ததும் மோட்டாரை அமத்திவிட்டுத்தான் தோட்டத்தை விட்டு வர வேண்டும். மறந்தால் பங்காளி வீட்டோடு பேச்சு நின்றுவிடும். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு அறையின் விசையையும் நானே அணைத்து இருட்டாக்கிவிட்டு, விளையாட்டைத் திட்டியிருக்கிறேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, மூன்று விசைகளையும் போட்டு, அமத்தாமல் வந்தேன். பெரிய கதவு திறந்தது.

முறை என்று நானே சொன்னதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. கல்யாணமான புதிதில் இவர் சொன்னார்: "மொத ரெண்டு வருசம் கடை. அப்புறம் உன்ற வேலை." சரிங்க என்றேன். அந்த ரெண்டு வருடம்தான் எட்டாகியிருக்கிறது. அவரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. நானும் கேட்கவில்லை.

லேப்டாப்பை மூடவில்லை. போனை எடுத்து கம்பெனியைக் கூப்பிட்டேன். "திங்கக்கிழமை வாரேனுங்க" என்று சொல்லி வைத்தேன்.

அவர் கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது. "அப்ப கடை போனை ஆரு எடுக்கறது?"

அந்த நேரம் பார்த்துக் கடை போன் அடித்தது. எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"இனி உங்க முறைங்க."