எந்தக் கட்டத்தில் டிக் போடுவது?

என் கையெழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன்.

சூலூர் பக்கம் பம்பு செய்யும் பட்டறையில் வேலை. பக்கத்து மிஷினில் சரசு. அவள் மிஷின் பெல்ட்டுக்கு மூடி இல்லாததைத் தினமும் பார்ப்பேன். யோசனை இருந்தால் எழுதிப் போடச் சொல்லி ஆபீஸில் எல்லோருக்கும் அட்டை கொடுத்தார்கள். எல்லாம் இங்கிலீஷ். சஜஸ்ட், புரொப்போஸ், ரெகமண்ட் என்று மூன்று கட்டங்கள். ஒன்றில் டிக் போட வேண்டும்.

மகளிடம் கேட்டேன்.

"எல்லாமே யோசனை சொல்றதுதானுங்கப்பா. சஜஸ்ட்னா சும்மா சொல்றது. புரொப்போஸ்னா மீட்டிங்ல முன்வெக்கிறது. ரெகமண்ட்னா வெவரம் தெரிஞ்சவங்க சொல்றது. நீங்க எதுங்கப்பா?"

எனக்குத் தெரியவில்லை. தப்பாகப் போட்டால் சிரிப்பார்களே என்று கூச்சம். ஒரு வாரம் அட்டை சட்டைப் பையிலேயே வேர்வையில் ஊறியது.

அந்த வாரக் கடைசியில், சேலைமேல் சரசு போட்டிருந்த சட்டையின் கை பெல்ட்டில் சிக்கியது. இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில் அவளிடம் அட்டையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நின்றேன்.

"அட போங்கண்ணா, என்ற அட்டையும் ஊட்லதான் கெடக்குது. எதுல டிக் போடறதுன்னு உங்களத்தான் கேக்கோணும்னு இருந்தனுங்க" என்றாள்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய், "அந்த பெல்ட்டுக்கு ஒரு மூடி போடுங்க சார்" என்று வாயாலேயே சொன்னேன். மத்தியானத்துக்குள் போட்டுவிட்டார்கள்.

அரை நாள் வேலை. இதை எழுதவும் ஒரு வருடம் தயங்கிவிட்டேன். இன்று எழுதிவிட்டேன்.

ஐப்பசி 9, ஞாயிற்றுக்கிழமை.