தொட்டாற்சிணுங்கி குடித்த நாள்

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ரயில் பாதையோரப் புல் முழுக்கத் தொட்டாற்சிணுங்கி படர்ந்திருக்கும். காலை ஈரத்தில் அதன் ஊதாப் பூக்கள் மிதப்பதுபோல் தெரியும். விரலால் நீவிக்கொண்டே நடந்தால் இலைகள் ஒவ்வொன்றாய்க் கண்ணை மூடிக்கொள்ளும். ஓர் ஊரையே தூங்கவைத்துவிட்ட பெருமையோடு வீடு திரும்புவேன்.

அந்த இலையைத்தான் அம்மா அரைத்துத் தயிரில் கலக்கி, லோரி ஓட்டும் தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்குக் கொடுப்பார். எதற்கென்று கேட்டால், "உடம்புச் சூடுடா, போய் வெளையாடு." ஒருநாள் குவளையில் மிஞ்சியதை நான் குடித்துவிட்டேன். குடித்த பிறகுதான் மூளை வேலை செய்தது. இனி என்னை யாராவது தொட்டால்?

அன்றைக்குப் பார்த்து, பூச்சோங்கில் மாமாவுக்குப் பெண் பார்க்கப் போனோம். கார்க் கதவோடு ஒட்டிக்கொண்டு வந்தேன். வெளியே ரப்பர் மரங்கள் தண்ணீருக்குள் நிற்பவைபோல் அசைந்தன. என் விரல்கள் மெல்ல மடங்கத் தொடங்கியிருந்தன.

பெண் வீட்டில் மாமா உட்காரவில்லை.

"பரவால்ல அங்கிள், நிக்கிறேன்."

"என்னா மரியாத லா!" என்று பூரித்தார் பெண்ணின் அப்பா.

செடியின் கூச்சம் மாமாவுக்குள் இறங்கிவிட்டது. அடுத்தது நான்தான்.

அந்த நேரம் பெண்ணின் அம்மா என் கன்னத்தைக் கிள்ளினார். கைகால் மடங்கித் தரையில் சுருண்டேன்.

"அம்மா, தொட்டுட்டாங்க! மாமாவோட தொட்டாச்சிணுங்கிய நானும் குடிச்சிட்டேன்!"

"அடடா," என்று இழுத்தார் அந்த அம்மா. "ஒங்க தம்பிக்கு மூலமா?"

என் அம்மா கூரையைப் பார்த்தார். மாமாவின் முகம் செத்துவிட்டது. சோசியப் பித்துப் பிடித்த பெண்ணின் அப்பாதான் துள்ளி எழுந்தார்.

"மூல நட்சத்திரமா! சொல்லவே இல்லியே! ஆம்பளைக்கு மூலம்னா ராஜயோகம் லா! உக்காருங்க மாப்பிள்ள!"

தோளை அழுத்திப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்தார். தொட்டதும் மாமாவும் சுருங்கினார். கண்ணில் நீர் முட்டியது.

அதுவரை தலைகுனிந்து நின்ற பெண், உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய் ஒரு தலையணையோடு வந்தார். யாரையும் பார்க்காமல் மாமாவிடம் நீட்டினார். மாமா முதன்முறையாக அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

தரையில் சுருண்டு கிடந்தவன் நான். தலையணை மட்டும் மாமாவுக்கு! அத்தையாக அவர் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும், அந்த ஓரவஞ்சனை எனக்கு நெடுநாள் ஆறவில்லை.