கேத்தரின் மூக்கும் அரக்கோணத்து ஜெபமும்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கேத்தரினுக்கு எதிரே நான்தான் உட்காருவேன். ஷூவின் மேல்பாகத் தோலை நான் ஒட்டிக் கொடுப்பேன், அவள் தைப்பாள். ஒட்டுகிற சொல்யூஷன் வாடையில் புதிதாக வருகிறவர்களுக்குத் தலை சுற்றும். அவளுக்கு ஒன்றுமே ஆகாது. "உனக்கு மூக்கு இருக்குதா இல்லையாடி?" என்று கேட்டால், "பேருக்கு ஒண்ணு இருக்குது ஹலீமாக்கா" என்பாள்.

உண்மையிலேயே பேருக்குத்தான் இருந்தது. அவர்கள் ஆம்பூருக்குக் குடிவருவதற்கு முன்னால், பேரணாம்பட்டில் சின்ன வயதில் அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது கைப்பிடி துள்ளி முகத்தில் அடித்ததாம். அப்பா தேவசகாயம் பள்ளிக்கூட வாத்தியார். ரத்தம் நின்றதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டார். பிள்ளை வளர வளர மூக்கும் இடப்பக்கம் சாய்ந்தே வளர்ந்தது. வலது துவாரத்தில் காற்றே போகாது. எந்நேரமும் வாயால்தான் மூச்சு, படுத்தால் குறட்டை. சாதாரணக் குறட்டை இல்லை. வேலூரில் ஹாஸ்டலில் தங்கி டைப்ரைட்டிங் படித்தபோது, கூட இருந்த பெண்கள் அதை டேப்பில் பிடித்துக் காலையில் சாப்பாட்டு அறையில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அன்றே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்தவள்தான். படிப்பு அதோடு போயிற்று. அந்தப் பெண்கள் இப்போது என் கையில் கிடைத்தாலும் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன்.

அதற்குப் பிறகு அவள் வெளி ஆட்கள் இருக்கும் இடத்தில் கண் மூடியதே இல்லை. ராத்திரி தங்கவேண்டிய கல்யாணத்துக்குப் போகமாட்டாள். வீட்டிலும் நல்ல தூக்கம் கிடையாது, மூச்சு அடைத்து அடைத்து எழுந்துவிடுவாள். பகலில் மெஷின் முன்னால் கண் சொருகும். ஒருநாள் ஊசி விரல் நகத்தில் இறங்கிவிட்டது. சூப்பர்வைசர் ஆதிகேசவன் வந்து, "ராத்திரியெல்லாம் இன்னாம்மா பண்ற?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் பிரஷ்ஷை சொல்யூஷன் டப்பாவோடு அவர் மேசையில் வைத்து, "நீங்களே ஒட்டிக்குங்க சார்" என்று சொல்லிவிட்டு அவளை வெளியே கூட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த வாரமே லீவு போட்டு வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

காது மூக்கு டாக்டர் விளக்குப் போட்டுப் பார்த்தார். "மூக்குக்கு நடுவுல இருக்கிற சுவரே வளைஞ்சு கிடக்குதும்மா. வெளியே எலும்பும் சாஞ்சிருக்குது. உள்ளே மட்டும் நிமித்தினா நிக்காது. ரெண்டையும் ஒரே ஆபரேஷன்ல செஞ்சிடலாம். மூச்சு நல்லா வரும். குறட்டை கம்மியாவும், ஆனா அடியோட நின்னுடும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

கேத்தரின் தரையைப் பார்த்துக்கொண்டு, "பார்க்கிறதுக்கும் நேரா இருக்குமா டாக்டர்?" என்று கேட்டாள்.

"இருக்கும். அதைக் கேக்க ஏம்மா வெக்கப்படுற?"

வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பெருமைக்கு ஆசைப்படுறேனாக்கா?" என்றாள். "பைத்தியம், கோணலா இருக்கிறதை நேராக்கச் சொல்றதுக்குப் பேரு பெருமையா?" என்று திட்டினேன்.

ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்கும்போதே, தொண்ணூற்றெட்டாம் வருஷம், அவளுக்கு அரக்கோணத்திலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை ஜெபசீலன், ரயில்வேயில் வேலை. அப்பா இல்லை, அம்மா சுகிர்தம் மட்டும். வந்தார்கள், சாய்ந்த மூக்கைப் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். கேத்தரினுக்கும் அவரைப் பிடித்துவிட்டது. பிடித்ததும் பயமும் வந்துவிட்டது. மூக்கைப் பார்த்தார்கள் சரி, குறட்டையைக் கேட்கவில்லையே? கல்யாணத்துக்கு முன்னால் ஆபரேஷன் முடிந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

அவளுடைய அம்மா ஜெயசீலி நடுவில் மாட்டிக்கொண்டார். குறட்டைக்கு ஆபரேஷன் என்று சொன்னால் சம்பந்தம் போய்விடும். மூக்கை அழகு பண்ண ஆபரேஷன் என்று சொன்னால் சபையில் தலைகாட்ட முடியாது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். ஜெயசீலியம்மாவுக்கு ஒரு பொய்கூடச் சொல்ல வராது. அதுதான் வினையாகப் போயிற்று.

அந்த வீட்டில் ஜெபம் இல்லாமல் ஓர் ஊசிகூடப் போட்டுக்கொள்ள மாட்டார்கள். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஆளுக்கொரு விண்ணப்பம் சொல்வார்கள், மற்றவர்கள் அதற்காக ஜெபிப்பார்கள். ஜெயசீலியம்மா எழுந்து, "என் பிள்ளையோட சுவாசத்துக்காக ஜெபிச்சுக்குங்க. பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

எங்கள் வீடுகளில் துவா செய்யச் சொன்னால், இன்னா நோவு, எந்த டாக்டர், கூட யார் இருக்கிறார்கள் என்று நோண்டி நோண்டிக் கேட்டுவிட்டுத்தான் கையேந்துவோம். அவர்கள் மரியாதைக்காரர்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை அவரவரே நிரப்பிக்கொண்டார்கள். அந்த விண்ணப்பம் ஆம்பூரிலிருந்து குடியாத்தத்துச் சித்தி வீட்டுக்குப் போனது, அங்கிருந்து காட்பாடியில் ஒரு நர்ஸ் அம்மாவிடம் போனது. போகிற இடமெல்லாம் நோய் முற்றிக்கொண்டே போனது.

அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சர்ச்சில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் அறிவிப்பார்; பாதிரியாரை அவர்கள் ஐயர் என்றுதான் சொல்வார்கள். முதல் ஓலை வாசித்த வாரம் ஆபரேஷன் நடந்தது. நன்றாகவே நடந்தது. மூக்கின் மேல் பிளாஸ்டரும் கண்ணுக்குக் கீழே கருநீலமுமாக வீட்டில் படுத்திருந்தாள். இரண்டாவது ஓலையும் வாசித்தாகிவிட்டது.

அடுத்த புதன்கிழமை அரக்கோணத்தில் உபவாச ஜெபம். நடத்துகிற அம்மா, "ஆம்பூர்ல கேத்தரின்னு ஒரு சகோதரி. ஷூ கம்பெனியில வேலை. கல்யாணம் நிச்சயமான பிள்ளை. நுரையீரல்ல பாதியை எடுத்துட்டாங்களாம். அந்தப் பிள்ளைக்காக" என்று ஆரம்பித்திருக்கிறார். முழங்காலில் நின்றிருந்த சுகிர்தம் ஆமென் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே சிலையாகிவிட்டாராம். தன் மருமகளுக்காகத் தானே ஜெபித்துக்கொண்டிருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் சுகிர்தத்திடமிருந்து ஐயர் வீட்டுக்குப் போன் வந்தது. "மூணாவது ஓலையை இப்ப வாசிக்க வேணாம். பொண்ணுக்கு நுரையீரல் ஆபரேஷனாமே."

ஜெயசீலியம்மா சுருண்டு படுத்துவிட்டார். கேத்தரின் மட்டும் என் வீட்டுக்கு வந்து, "அக்கா, நாளைக்கு என்கூட அரக்கோணம் வர்றியா?" என்று கேட்டாள்.

"இந்த மூஞ்சியோடவா? என் புர்காவையாவது போட்டுக்கோடி, ரயில்ல எல்லாரும் பார்ப்பாங்க."

"மறைச்சது போதும்க்கா" என்றாள்.

ரயிலில் எல்லோரும் பார்க்கத்தான் செய்தார்கள். ஒரு கிழவர், "குடிகாரப் புருஷனாம்மா?" என்றே கேட்டுவிட்டார். நான் முறைத்ததில் அடுத்த ஸ்டேஷனில் இடம் மாறி உட்கார்ந்தார்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் கதவைத் திறந்த சுகிர்தம் அவள் முகத்தைப் பார்த்துப் பதறிவிட்டார். கேத்தரின் உள்ளே போகக்கூட இல்லை. வாசலிலேயே கொட்டிவிட்டாள். "அத்தை, என் நெஞ்சுல ஒண்ணுமில்ல. மூக்குல ஆபரேஷன். எனக்குக் குறட்டை ஜாஸ்தி, மூச்சும் அடைக்கும். உங்ககிட்ட சொல்லப் பயம். மூக்கு நேரா இருக்கணும்னு ஆசையும் இருந்துச்சு. அதையும் மறைச்சோம். இதுக்கு மேல மறைக்க எதுவும் இல்ல."

"குறட்டைக்கு யாராவது பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா?" என்றார் சுகிர்தம். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், அதை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கும் முதல்ல படம் எடுத்து ஒண்ணுமில்லன்னுதாம்மா சொன்னாங்க. கரி இன்ஜின்ல வேலை பார்த்தவரு. பத்து வருஷம் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. அடுத்த மூச்சு வருமா வருமான்னு பார்த்துக்கிட்டே நான் ராத்திரி பூரா முழிச்சிருப்பேன். மறுபடியும் ஒரு தடவை என்னால ஆவாதும்மா. நீ நல்ல பொண்ணு. ஆனா என்னால ஆவாது."

நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று நான் ரயிலில் தயார் செய்து வந்ததெல்லாம் அதோடு போயிற்று. அந்த அம்மாவைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப அவருக்கும் மனசு வரவில்லை. ரசமும் சோறும் கத்தரிக்காய்ப் பொரியலும் போட்டார். மூன்று பேரும் சாப்பிட்டோம். ரயிலுக்கு நேரம் இருந்தது. நான் தட்டு கழுவ உள்ளே போனேன். ஆஸ்பத்திரி மாத்திரை, ரயில் அலுப்பு, மனக்கஷ்டம் எல்லாம் சேர்ந்து கேத்தரினை அமுக்கிவிட்டது. சுவரில் ஒருக்களித்துச் சாய்ந்து உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

அப்புறம் ஆரம்பித்தது. மூக்கு உள்ளே வீங்கி இருந்ததால் வழக்கத்தைவிட ஜாஸ்தி. மர அறுப்பு மில் பக்கத்தில் குடியிருப்பதுபோல் இருந்தது. போச்சு, இருந்த கொஞ்சம் மானமும் போச்சு என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். அவளை உலுக்கப்போன என் கையை சுகிர்தம் பிடித்துக்கொண்டார்.

"விடும்மா. எழுப்பாத."

மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். முதுகில் உள்ளங்கையை வைத்தார். குனிந்து தோள்பட்டைக்குக் கீழே காதை வைத்துக் கேட்டார். இந்தப் பக்கம் கேட்டார், அந்தப் பக்கம் கேட்டார். நான் தண்ணீர் சொட்டுகிற கையோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்தபோது கண்ணெல்லாம் தண்ணீர்.

"உள்ளே சத்தமே இல்லம்மா. சுத்தமா இருக்குது. எல்லாம் மேலதான், மூக்குலதான். அவரு நெஞ்சுக்குள்ள கொரகொரன்னு ஒரு சத்தம் வரும், அது எனக்குத் தெரியாதா? கர்த்தாவே, இது வெறும் குறட்டைதான்!"

அந்தச் சத்தத்தில் கேத்தரின் விழித்துக்கொண்டாள். எங்கே இருக்கிறோம், என்ன செய்துவிட்டோம் என்று புரிந்ததும் அவள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. "அத்தை, ஐயோ, நான் தூங்கிட்டேனா?" என்று எழப்போனாள். சுகிர்தம் அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"தூங்கு. நல்லாத் தூங்கு. ஐயருக்கு நான் போன் பண்றேன், ஞாயித்துக்கிழமை ஓலையை வாசிக்கட்டும். ஆனா ஒண்ணு, என்கிட்டதான் சொல்லல, என் பையன்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா? கட்டிக்கப்போறவன் அவன்தானே?"

"தப்புதான் அத்தை."

அவள் அழ ஆரம்பித்தாள். "அழுதா மூக்கைச் சிந்தணும், சிந்தக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, வாயை மூடுடி" என்று நான் அதட்டினேன். அதட்டும்போது நானும் அழுதுகொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம். அந்த நேரம் பார்த்து டியூட்டி முடிந்து ஜெபசீலன் உள்ளே வந்தார். பிளாஸ்டரையும் கருநீலக் கண்ணையும் அழுகிற மூன்று பெண்களையும் பார்த்துவிட்டு, "யாரு அடிச்சது?" என்று சட்டைக் கையை மடித்தார். விஷயத்தைச் சொன்னதும் வெட்கப்பட்டு மடித்த கையை இறக்கிவிட்டுக்கொண்டார். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

சனிக்கிழமை பிளாஸ்டர் பிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஓலை வாசித்தபோது யாரும் தடை சொல்லவில்லை. கல்யாணத்தில் மூக்கு நேராக இருந்தது. ஊர் என்ன பேசியதோ எனக்குத் தெரியாது, எனக்குக் கேட்கிற மாதிரி யாரும் பேசவில்லை. சில மாதத்தில் வீக்கமெல்லாம் வடிந்து, இரண்டு துவாரத்திலும் காற்று போக ஆரம்பித்தது. அரக்கோணத்தில் ஒரு தையல் யூனிட்டில் சேர்ந்தாள். பகலில் தூக்கமே வருவதில்லை என்று போனில் சொல்லும்போது அவள் குரலே புதிதாக இருந்தது.

அடுத்த வருஷம் அவள் வளைகாப்புக்கு அரக்கோணம் போனேன். கேத்தரின் உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள், பகல் என்றும் பாராமல், வீடு நிறைய ஆள் இருக்கும்போதே. சுகிர்தம் அறைக் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, வெளியே உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார்.

"குறட்டை நின்னுடுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"முக்கால்வாசி நின்னுடுச்சு. லேசாத்தான் கேக்கும்."

"அதுவும் நின்னுட்டா நல்லது."

"வேணாம்மா" என்றார் அவர். "அது கேட்டுக்கிட்டு இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வருது."